முட்டத்தில் இரண்டாவது டம்ளர்

மே 3, வெள்ளி. திருச்செந்தூர்

அக்னி நட்சத்திரம் நாளைக்கு ஆரம்பம். அதற்கு முதல் நாள் ஊர் சுற்றக் கிளம்பிய கிழவன் பாளையங்கோட்டையிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். வண்டிக்குள் ஏ.சி. இருக்கிறது என்று பேர். காற்று வருகிறது, குளிர்ச்சிதான் வரவில்லை.

'தென்கரை' மாதப் பத்திரிகைக்காரர்கள் வருஷா வருஷம் திருச்செந்தூரிலிருந்து குளச்சல் வரைக்கும் உள்ள கடலோர ஊர்களில் நல்ல காப்பிக் கடை ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பித்தளை மணி ஒன்று பரிசு கொடுப்பார்கள். கடை வாசலில் கட்டித் தொங்கவிடலாம். சொந்தமாக நடத்துகிற கடையாக இருக்கவேண்டும், பத்து ஊரில் கிளை வைத்திருக்கிறவன் வரக்கூடாது. இந்த வருஷம் ருசி பார்க்க ஆசிரியர் சுடலைமுத்து என்னைப் பிடித்தார். முப்பது வருஷம் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்றவன் என்ற ஒரே தகுதி. இப்போது அந்தக் கடையில் ஒரு பையன் செல்போன் பழுதுபார்க்கிறான். மூக்கு மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்தாரே, சுடலைமுத்து நல்லா இருக்கட்டும்.

வண்டி ஓட்டுவது மங்கை. என் மருமகள், நம்பியின் மனைவி. எனக்குக் கண்ணாடி போட்டும் லாரி ஆட்டோவாகத் தெரிகிறது, அதனால் அவள் வந்தாள். கணக்கு டீச்சர், பள்ளிக்கூடம் லீவு. நம்பி போய் இரண்டு வருஷமாகிறது. டெங்கு. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

மங்கைக்கு முப்பத்துநாலு வயது. குழந்தை இல்லை. தென்காசியில் இருக்கும் அவள் அம்மா, என் சம்பந்தியம்மா, வாராவாரம் போன் பண்ணி, "அண்ணாச்சி, அவளுக்கு இன்னொரு கல்யாணம் பண்ணிவைக்கணும், நீங்க சொன்னா கேப்பா" என்கிறார். நானும் சொல்லிவிட்டேன். இரண்டு தடவை சொன்னேன். "பாப்போம் மாமா" என்கிறாள். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்துவது நாகரிகம் இல்லை.

விதிகளை எழுதி வைக்கிறேன். நான் யாரென்று கடைக்காரருக்குத் தெரியக்கூடாது. காசு கொடுத்துத்தான் குடிக்கவேண்டும். ஒரு டம்ளரை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, இன்னொரு வேளை போய் இரண்டாவது டம்ளரும் குடிக்கவேண்டும். கடைசி விதி பத்திரிகையுடையது இல்லை, என்னுடையது. முதல் டம்ளர் யாருக்கும் அமைந்துவிடும்.

மே 4, சனி. திருச்செந்தூர்

லாட்ஜிலும் காலைக் காப்பி நான்தான். பித்தளை ஃபில்டர், தூள் டப்பா, வெந்நீர் கெட்டில் எல்லாம் கூடவே கொண்டுவந்திருக்கிறேன். பால் மட்டும் கீழே வாங்கிக்கொள்வது.

நம்பி போன புதிதில் நான் கொஞ்ச நாள் படுக்கையை விட்டே எழவில்லை. ஒரு நாள் காலையில் மங்கை கட்டில் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "மாமா, தலை வலிக்கி. ஒரு காப்பி போட்டுத் தாங்க" என்றாள். எழுந்து போட்டேன். அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. ஒரு சொட்டு மிச்சம் வைக்கமாட்டாள். என் காப்பியின் அருமை தெரிந்த ஒரே ஜீவன் இந்தப் பெண்தான்.

குலசேகரன்பட்டினத்தில் புதுமோஸ்தர் கடை. வெளிநாட்டு மிஷின், சுவரெல்லாம் செடி. காப்பி மேலே நுரையில் இதயம் வரைந்து கொடுத்தான். குடித்தால் நம் இதயம் நின்றுவிடும் போல இருந்தது. நாலு மார்க். பையன் மரியாதையான பையன், அதற்காக அரை மார்க் கூட்டினேன்.

மங்கை போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். என்னவென்று கேட்டேன். பள்ளிக்கூடக் குரூப்பில் ஏதோ ஜோக்காம். டீச்சர்மார் இவ்வளவு நல்ல ஜோக்கெல்லாம் எப்போது சொல்ல ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை.

மே 5, ஞாயிறு. உவரி

இன்றைக்கு வாழ்ந்தேன். ரீத்தம்மாள் என்று ஒரு அம்மா, மீன் ஏலம் போடுகிற இடத்துக்குப் பின்னால் கடை. காலையில் குடித்த காப்பி நாக்கில் மதியம் வரை இருந்தது. சாயங்காலம் இரண்டாவது டம்ளருக்குப் போனால், "டிகாஷன் தீந்துட்டு அண்ணாச்சி, புதுசு எறங்கணும், அதுவரைக்கும் உக்காருங்க" என்றார். பக்கத்தில் இருந்த ஆள், "இருக்கிற மண்டியில வெந்நிய ஊத்திக் குடும்மா, அவசரம்" என்று கெஞ்சினான். "அவசரம்னா பச்சத்தண்ணியக் குடி" என்றுவிட்டார். எனக்கு எழுந்து நின்று கும்பிடவேண்டும் போல இருந்தது. விதி தடுத்தது. உட்கார்ந்திருந்து குடித்துவிட்டு வந்தேன். ஒன்பது மார்க்.

மங்கையும் ஒன்று குடித்தாள். "ஒங்க காப்பி மாதிரி இல்ல மாமா" என்றாள். பொய். இருந்தாலும் சொல்கிறாளே.

மே 6, திங்கள். நாகர்கோவில்

கடை ஒன்றுமில்லை, பயணம்தான். நாளைக்கு முட்டம். ஆசிரியர் கொடுத்த ஊர்ப் பட்டியலில் அங்கே கடை எதுவும் இல்லை. மங்கைதான், "லைட்ஹவுசுக்குப் போற வழியில புதுசா ஒண்ணு வந்திருக்காம் மாமா, பாத்துட்டுப் போவோமே" என்றாள். பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னார்களாம். பெண்ணுக்கு இந்த வேலையில் ஆர்வம் வந்துவிட்டது. நல்லதுதான்.

மே 7, செவ்வாய். நாகர்கோவில்

இன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

காலையில் மங்கை சேலை கட்டிக்கொண்டு வந்தாள். இலைப்பச்சை, ஓரத்தில் மெல்லிசாகச் சரிகை. இந்த வெயிலில் கார் ஓட்ட எதற்கம்மா சேலை என்றேன். சுடிதாரெல்லாம் துவைக்கக் கிடக்கிறது என்றாள். முட்டம் போய்ச் சேர்ந்ததும், "நீங்க போங்க மாமா, எனக்கு ஒரு போன் வரணும்" என்று வண்டியிலேயே இருந்துவிட்டாள். முகம் என்னவோ போல் இருந்தது. வெயில் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கடை சின்னதுதான். நாலு மேஜை. கடல் பக்கம் ஜன்னல். மீன்பிடிக்காரர்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரனுக்கு நாற்பதுக்குள் இருக்கும். தாணு என்று கூப்பிட்டார்கள். காப்பிக் கடைக்காரன் சட்டையை இஸ்திரி போட்டு, முழுக்கையைப் பட்டன் வரைக்கும் பூட்டிக்கொண்டு நின்றான். அப்போதே எனக்கு மூக்கில் வேர்த்தது.

உள்ளே கால் வைத்தேனோ இல்லையோ, ஓடி வந்து நாற்காலியைத் துடைத்தான். காற்று வருகிற இடம் பார்த்து உட்கார வைத்தான். நான் வாயே திறக்கவில்லை, "சீனி போடாமத்தானே மாமா?" என்று கேட்டான். எந்த ஊரில் எவனுக்கு நான் மாமா? எனக்குச் சீனி ஆகாது என்பது இவனுக்கு எப்படித் தெரியும்? கொண்டு வந்தவனுக்குக் கை ஒரே ஆட்டம், பாதிக் காப்பி டபராவில். குடித்துப் பார்த்தால் கருகின டிகாஷன். அடுப்பிலேயே வைத்துச் சூடு பண்ணிச் சூடு பண்ணிக் கொன்றிருக்கிறான். சரி, சுமாரான கடை, எழுந்திருக்கலாம் என்று காசை நீட்டினால், "ஐயோ வேண்டாம்" என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

அங்கேதான் எனக்கு வந்தது. "நான் வருவேன்னு ஒனக்கு யாருவே சொன்னா?" என்றேன்.

"யாரும் சொல்லல" என்றான். பொய் என்று அவன் காதே சிவந்து சொன்னது.

"ஓசிக் காப்பிய ஊத்தி மணிய வாங்கிரலாம்னு பாக்கியா? இதெல்லாம் ஒரு பொழப்பா?"

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். காசை மேஜையில் அடித்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வண்டியில் ஏறியதும் நடந்ததைச் சொன்னேன். மங்கை கேட்டுக்கொண்டே ஓட்டினாள். "பத்திரிகை ஆபீஸ்ல எவனோ ஒளறியிருக்கான். இந்தக் கடையத் தள்ளிருங்க. இது மட்டும் இல்ல, இனிமே எந்த வருஷமும் இவன் பேரே வரக்கூடாது" என்று சுடலைமுத்துவுக்கு அவள் காது கேட்கவே போனில் பேசி அனுப்பினேன். ராத்திரி சாப்பிட வேண்டாம் என்றுவிட்டாள். தலைவலியாம். பழம் வாங்கிக் கொடுத்தேன், அப்படியே இருக்கிறது.

மே 8, புதன். நாகர்கோவில்

குளச்சலில் காப்பி குடித்தோம். நான் குடித்தேன். அவள் டம்ளரைத் தொடவில்லை.

குடித்துவிட்டுத் துறைமுகப் பக்கம் நடந்தோம். வலை காயப்போட்டிருந்த இடத்தில் நின்று, "மாமா, அந்த ஆளுக்கு நான்தான் சொன்னேன்" என்றாள்.

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. "எந்த ஆளுக்கு?"

"முட்டத்துல. நீங்க வருவீங்கன்னு நான்தான் சொன்னேன். சீனி வேண்டாம்னும் நான்தான் சொன்னேன்."

"ஏம்மா, படிச்ச பிள்ள, விதி தெரிஞ்ச பிள்ள, ஒரு மணிக்காகவா இப்படி?" என்று கத்திவிட்டேன். என் புத்தி எங்கே போயிருந்தது என்று இப்போது யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. சேலை கட்டிக்கொண்டு வந்தாள். வண்டியை விட்டு இறங்கவில்லை. அவன் மாமா என்றான். இவ்வளவையும் பார்த்துவிட்டு நான் மணியையே கட்டிக்கொண்டு அழுதேன்.

"மணிக்கு இல்ல மாமா" என்றாள். அதற்கப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். போன வருஷம் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்துகிற முகாமில் பழக்கமாம். அவனும் கணக்கு வாத்தியார்தான். வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரில் இந்தக் கடையைப் போட்டிருக்கிறான். அப்பா ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்தாராம், அவரைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லையாம். இரண்டு தடவை இவளிடம் கேட்டிருக்கிறான். இவள் பதில் சொல்லவில்லை.

"என்னட்ட நேரா சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா ஒடனே சரிம்பீங்க. எனக்காகச் சரிம்பீங்க. அது எனக்கு வேண்டாம். யாருன்னு தெரியாம பாத்தீங்கன்னா உள்ளத உள்ளபடி சொல்லுவீங்கல்லா? அதுக்குத்தான் கூட்டிட்டுப் போனேன். அவர்ட்ட, நீங்க பாட்டுக்கு இருங்கன்னுதான் சொன்னேன். பயந்துபோய் எல்லாத்தயும் கெடுத்துட்டார்."

"சரி, இப்ப என்ன?"

"நேத்தே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"நீங்க பாத்து வேண்டாம்னு தள்ளின ஆள் எனக்கு என்னத்துக்கு?"

"நான் காப்பியைத்தானம்மா தள்ளினேன்."

"இல்ல மாமா. காப்பியப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லல. ஆளத்தான் சொன்னீங்க. இதெல்லாம் ஒரு பொழப்பான்னு."

அதோடு திரும்பி வண்டியை நோக்கி நடந்துவிட்டாள். நான் பின்னால் போனேன்.

ஒரு ஆள் மேல் அவளுக்குப் பிடித்தம் வந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். கல்யாணம் பண்ணிக்கோ என்று முதலில் சொன்னதே நான்தானே. சந்தோஷமில்லாமல் என்ன? கை கொஞ்சம் நடுங்குகிறது. குளச்சல் காப்பி கெட்டி.

அதே நாள், திரும்பவும்

மேலே எழுதினதைப் படித்துப் பார்த்தேன். காப்பி கெட்டியாம். யாருக்குக் கதை விடுகிறேன்? பயமாக இருக்கிறது. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது என்று பயமாக இருக்கிறது. எழுதியாச்சு.

ஆனால் அவள் வேண்டாம் என்று சொன்னது என்னால். என் வாயால். இதை இப்படியே விட்டுவிட்டு ஊருக்குப் போனால், அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்து காலம் முழுக்கக் காப்பி குடித்துக்கொண்டிருப்பாள், நானும் அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு ஊற்றிக்கொண்டிருப்பேன்.

ஒரு டம்ளர்தான் குடித்திருக்கிறேன் அங்கே.

மே 9, வியாழன். நாகர்கோவில்

முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று மங்கையிடம் சொல்லிவிட்டு வடசேரியில் முட்டம் பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார இடம் கொடுத்த அந்த மீன்காரம்மாவுக்கு ஒரு கும்பிடு. கூடை என் மடி மேல்தான் வந்தது, பரவாயில்லை.

கடையில் அன்றைக்கு இருந்த ஆட்களில் மூன்று பேர் இருந்தார்கள். தாணு என்னைப் பார்த்ததும் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தான். கசங்கின சட்டை போட்டிருந்தான். எனக்கு அதுவே ஒரு ஆறுதல்.

நான் உட்காரவில்லை. அந்த மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி, "முந்தாநாள் இங்கன நின்னு நான் பேசுனது தப்பு. இவரு லஞ்சம் ஒண்ணும் குடுக்கல. நான்தான் தப்பாப் புரிஞ்சிட்டுக் கத்திட்டேன். மன்னிச்சிரணும்" என்றேன். ஒருத்தர், "வெயில் காலமில்லியா பெரியவரே, இரிங்க" என்றார். மகராசன்.

"ஒரு காப்பி" என்றேன்.

"சாரே, நீங்க இதுக்காக வந்திருக்க வேண்டாம்" என்றான் தாணு. குரல் இறங்கியிருந்தது.

"இதுக்காக வரல. காப்பி குடிக்க வந்திருக்கேன். கொண்டாப்பா."

கொண்டு வந்தான். கை ஆடவில்லை. குடித்தேன். அதே கருகல்தான், கொஞ்சம் குறைச்சல். "டிகாஷன அடுப்புல வைக்காத. எறங்கினத அப்படியே மூடி வை, பாலை மட்டும் சூடு பண்ணு. சிக்கரியக் குறை. பால் எங்க வாங்குத?" என்றேன்.

"பக்கத்து வீட்டு மாடாக்கும். கறக்கும்போ நான் போய் நிக்கணும், இல்லன்னா தண்ணி வந்திரும்."

"பால் நல்ல பால்."

அவன் எதிரில் உட்கார்ந்தான். அப்புறம் நானே கேட்டேன், முகாமில் அவளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து மயக்கினாயா என்று. விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"இல்ல சாரே, டீ. அவங்கதான் காப்பி குடிக்க மாட்டாங்களே."

"யாரு?"

"மங்கை டீச்சர். காப்பி அவங்களுக்கு ஆகாது, குடிச்சா வயிறு எரியும்னு சொல்லுவாங்க. வீட்ல காலம்பற ஒரு டம்ளர் குடிக்கணும், அதுவே போதும்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான். சொல்லக்கூடாததைச் சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"மேல சொல்லு" என்றேன்.

"எனக்குத் தெரியாது சாரே."

"தெரியும். சொல்லு."

"மாமா காலைல எந்திரிக்கணும்னா யாருக்காவது காப்பி போடணும். அதுக்குத்தான் குடிக்கேன்னு சொன்னாங்க."

இரண்டு வருஷம். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் பார்க்கக்கூடாது என்று கண்ணாடியைத் துடைத்தேன். அவனும் எழுந்து போய் இல்லாத ஈயை விரட்டிக்கொண்டிருந்தான். அந்த நாசூக்கு எனக்குப் பிடித்தது.

திரும்பி வந்து உட்கார்ந்து சொன்னான். இரண்டு தடவையும் அவள் பதில் சொல்லாததற்கு நான்தான் காரணம். மாமாவைத் தனியாக விட்டுவிட்டு எங்கேயும் வரமாட்டேன் என்றாளாம்.

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

"மாடியில ஒரு ரூம் இருக்கு, அவங்களும் வரட்டும்னு சொன்னேன். அப்பாவப் பாத்துப் பழக்கந்தானே."

"எனக்கு ஆள் வச்சுப் பாக்க ஒண்ணும் வேண்டாம். நான் என்ன படுக்கையிலயா கெடக்கேன்?" என்றேன். சிரித்துவிட்டான். முதல் தடவையாகச் சிரித்தான். வாத்தியார் சிரிப்பு, ஒரு பக்கமாக.

காசு நீட்டினேன். எண்ணி வாங்கிக்கொண்டு பாக்கியைக் கொடுத்தான். கடைக்காரன் என்றால் இப்படி இருக்கவேண்டும்.

லாட்ஜில் மங்கை வராந்தாவில் நின்றிருந்தாள். "முடி வெட்டலியா மாமா?"

"ரெண்டாவது டம்ளர் குடிக்கப் போனேன்."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"காப்பிக்கு ஆறு மார்க். அதுவும் பாலுக்காக" என்றேன்.

"அப்புறம்?" என்றாள்.

"நல்ல பையன்மா. கோபத்துல கத்துன வாயால சொல்லுதேன், நல்ல பையன். இத ஒனக்காகச் சொல்லல, உள்ளத உள்ளபடி சொல்லுதேன். போனைப் போடு."

வராந்தா என்றும் பார்க்கவில்லை, உட்கார்ந்து அழுதாள். நம்பி போனபோதுகூட எனக்கு எதிரில் அவள் அழுததில்லை. என்னைத் தேற்றுவதிலேயே அந்த நாளெல்லாம் போயிற்று அவளுக்கு. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு.

மே 10, வெள்ளி. நாகர்கோவில்

காலையில் கீழே போய் டீத்தூள் பொட்டலம் ஒன்று வாங்கி வந்து டீ போட்டேன். முப்பது வருஷம் காப்பி விற்றவன் கையால் முதல் டீ. கேவலமாக இருந்தது. டம்ளரைக் கொண்டு போய் அவளிடம் நீட்டினேன். பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"யாரு சொன்னா?" என்றாள்.

"யாரும் சொல்லல" என்றேன்.

மே 12, ஞாயிறு. பாளையங்கோட்டை

வீடு வந்தாச்சு. சுடலைமுத்துவுக்குத் தீர்ப்பை எழுதி அனுப்பினேன். மணி உவரி ரீத்தம்மாளுக்கு. முட்டம் கடையைப் பற்றி நான் சொன்னது அத்தனையும் தவறு, வாபஸ் வாங்குகிறேன், ஆனாலும் அது எனக்கு வேண்டப்பட்டவர் கடை என்பதால் போட்டியில் சேர்க்கக்கூடாது என்றும் எழுதினேன். உடனே போன் பண்ணினார். "செவ்வாக்கெழம தள்ளச் சொன்னீங்க, அதுக்குள்ள எப்படி வேண்டப்பட்டவராயிட்டாரு?" என்று கேட்டார். ரெண்டாவது டம்ளர்ல என்றேன்.

சம்பந்தியம்மாவுக்கும் நானே சொன்னேன். போனில் ஒரே அழுகை. "ஒங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்லுவேன் அண்ணாச்சி" என்றார். இந்தப் பெண்ணைப் பெற்றுக் கொடுத்தவர் எனக்கு நன்றி சொல்கிறார். நியாயமா இது?

மே 21, செவ்வாய்

மங்கை மாடியில் போன் பேசிக்கொண்டிருந்தாள். நான் பெருக்கின முற்றத்தையே திரும்பப் பெருக்கினேன்.

மே 30, வியாழன்

டீ இப்போது பரவாயில்லை. இஞ்சி தட்டிப் போட்டேன்.

முட்டத்து மாடி ரூமுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் வீடு எனக்கு. மாதத்தில் பத்து நாள் வருவேன், டிகாஷன் இறக்கச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமல்லவா. மங்கை சண்டை போட்டாள். பதினைந்து என்று முடிந்தது.

ஜூன் 9, ஞாயிறு

இன்றைக்கு நிச்சயதார்த்தம். இந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். தாணுவின் அக்காவும் சித்தப்பாவும் வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் சம்பந்தியம்மா, அவர் உறவில் ஒரு பெரியப்பா, அக்கம்பக்கத்தில் நாலு பேர். அவ்வளவுதான்.

நான் அடுப்படியில் இருந்தேன். வந்தவர்களுக்குக் காப்பி போடவேண்டுமே. அது காரணம்தான், வேறு ஒன்றும் இருந்தது. செத்தவனுடைய அப்பா நல்ல காரியத்தில் முன்னால் வந்து நிற்கலாமா என்று நேற்று அந்தப் பெரியப்பா சம்பந்தியம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அவர் சொன்னதிலும் தப்பில்லை, ஊர் அப்படித்தான் நினைக்கும். நாமே ஒதுங்கிக்கொண்டால் யாருக்கும் சங்கடமில்லை என்று பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூடத்தில் தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. தாணுவின் சித்தப்பா, "பெண் வீட்டுச் சார்பா யாரு உக்காருதா?" என்று கேட்டார். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மங்கையின் குரல் கேட்டது. "மாமா வரட்டும்."

யாரோ ஏதோ சொன்னார்கள். "மாமா வந்தாத்தான்" என்றாள். சத்தம் போடவில்லை, வகுப்பில் பேசுகிற குரல்.

அதற்குள் சம்பந்தியம்மாவே அடுப்படிக்கு வந்து அடுப்பை அணைத்தார். "வாங்க அண்ணாச்சி" என்றார். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போய்ப் பாயில் உட்கார்ந்தேன். இதே கூடத்தில் உட்கார்ந்துதான் நம்பிக்குப் பெண் பார்க்கப் போகும் நாளைக் குறித்தோம். தென்காசியில் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் உட்கார்ந்து தட்டை வாங்கினவன் நான். இன்றைக்கு எதிர்ப்பக்கம்.

தாணுவின் சித்தப்பா வெள்ளந்தியான மனுஷன், விவரம் எல்லாம் அவருக்குச் சரியாகச் சொல்லவில்லை போல. தட்டைத் தூக்கினவர் என்னைப் பார்த்து, "நீங்க பெண்ணுக்கு என்ன முறை வேணும்?" என்று கேட்டார்.

தாணு எழுந்திருக்கப் பார்த்தான். மாமனார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எம் பொண்ணு" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு தட்டை நீட்டினார். நானும் என் தட்டைக் கொடுத்தேன். மங்கை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, பார்த்தால் வெற்றிலை பாக்கெல்லாம் கீழே கொட்டியிருக்கும்.

எல்லாரும் போன பிறகு இதை எழுதுகிறேன். நம்பி, உனக்குத்தான் எழுதுகிறேன். நீ போனதைப் பற்றியே நினைத்து நினைத்து, இவளை இந்த வீட்டுக்குக் கூட்டி வந்தவனும் நீதான் என்பதை மறந்துபோனேன். அதற்கு உனக்கு ஒரு நாளும் நன்றி சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேனப்பா.